எழுத்துப்பிழைத் தலைப்புகளில் நகைச்சுவைக் கதை: எது தேறும், எது தேறாது?

மாயவரம் டீச்சர் கேட்கிறார்:

எங்கள் தெரு வாசகர் வட்டத்தில் மாட்டுப் பொங்கல் மாலையில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கதை சொல்லும் வழக்கம் உண்டு. எழுதிவைத்துப் படிக்கலாம், நடித்தும் காட்டலாம். இந்த முறை பொருள் தானாக வந்து வாய்த்திருக்கிறது. வட்டத்துக்கு நன்கொடையாக வந்த பழைய நாவல்களுக்கு ஒரு கல்லூரி மாணவன் பட்டியல் தட்டச்சு செய்து, யாரிடமும் காட்டாமல் பலகையில் ஒட்டிவிட்டான். அதில் உள்ள சில தலைப்புகளை அப்படியே தருகிறேன்: பிரதாப முதலையார் சரித்திரம், பொன்னியின் செலவன், சிவகாமியின் சப்தம், அம்மா வந்தால், ஒரு புலியமரத்தின் கதை, கடன் புறா. பொன்னியின் செலவனுக்குப் பாகங்களின் பெயரையும் போட்டிருக்கிறான். முதல் பாகம் 'புது வெல்லம்', மூன்றாம் பாகம் 'கொலை வால்'.

முப்பது வருடம் சிவப்பு மையும் கையுமாக இருந்தவள் நான். இருந்தும் இந்தப் பட்டியலைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இதிலிருந்தே கதைகளைச் செய்துவிடுவோம் என்று அறிவித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சிக்கல். தலைப்பைச் சொன்னதும் சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பு அரை நிமிடம் தாங்கும். மீதி நாலரை நிமிடத்துக்கு என்ன செய்வது? 'ஓர் ஊரில் ஒரு முதலை இருந்தது' என்று ஆரம்பித்தால் அது பாலர் வகுப்புக் கதை. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மனம் போன போக்கில் கதை கட்டினால், அந்த நாவலின் பெயர் எதற்கு?

அதனால் நான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். மூலக் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்க வேண்டும். பிழையான அந்த ஓர் எழுத்து மட்டும் உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதன் விளைவாக நடக்க வேண்டும்.

முதலையாரை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழின் முதல் நாவல். அதை இந்த ஊர்க்காரி விட்டுக்கொடுக்க முடியாது. பக்கத்திலேயே கொள்ளிடம், அதில் நிஜமாகவே முதலை உண்டு. மூலத்தில் பிரதாபன் தன் கதையைத் தானே சொல்கிறான், குலப்பெருமை பேசுகிறான், செல்லமாக வளர்கிறான். 'பணக்காரப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு' என்ற வீடு. இதையெல்லாம் ஒரு முதலை தன் வாயால், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அந்த நீண்ட வாக்கியங்களில் சொல்ல வேண்டும். 'எங்கள் வம்சத்தார் கொண்டதை விட்டவர்கள் அல்லர்' என்று ஆரம்பிக்கிறது என் கதை. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்ற பழமொழி தெரிந்தவர்கள் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.

உச்சம் எங்கே என்றால், விக்கிரமபுரியில். மூலத்தில் பிரதாபன் அந்த ஊரில் செருப்புத் தைக்கக் கொடுத்து, கூலித் தகராறில் மாட்டிச் சிறைக்குப் போகிறான். அங்கே ஆண் வேடத்தில் அரசாள்பவள் அவன் மனைவி ஞானாம்பாள்தான். என் கதையில் முதலையார் செருப்பைக் கொண்டுபோய் நீட்டுகிறார். தைக்கிறவன் செருப்பைப் பார்க்கவே இல்லை. கொண்டுவந்தவரின் முதுகைத் தடவிப் பார்த்து, 'ஐயா, இதில் எத்தனை ஜோடி தேறும்?' என்று கேட்கிறான்.

இந்த இடம் வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி. மூலத்தில் உள்ள செருப்பும் பிழையில் பிறந்த முதலையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தது போலச் சேர்ந்துவிட்டன. மற்றத் தலைப்புகளில் இப்படிச் சேரும் இடம் எங்கே இருக்கிறது? யோசனை உள்ளவர்கள் சொல்லுங்கள். சபையில் பெரியவர்கள் தொடர்கதைகளை வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்துப் படித்தவர்கள். மூலத்தில் பிசகினால் எழுந்து நின்று கேட்பார்கள்.

ஈய எழுத்து எழுதுகிறார்:

டீச்சருக்கு வணக்கம். சென்னையில் அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கும் கம்போசிங் வேலை பார்த்தவன் நான். முதலில் தொழில் பேச்சு. 'முதலையார்' எங்கள் காலத்துப் பிழை இல்லை. அது கைப்பேசி தானாக எடுத்துக்கொடுக்கிற பிழை. 'செலவன்' எங்களுடையது. அச்சான பிறகு எழுத்துகளைப் பிரித்துத் திரும்பக் கேஸில் போடும்போது 'ல்' போக வேண்டிய அறையில் 'ல' விழுந்துவிடும். மறுநாள் கை பழக்கத்தில் எடுத்து ஸ்டிக்கில் அடுக்கும், கண் பார்க்காது. இல்லாவிட்டால் தேய்ந்த எழுத்தில் புள்ளி உடைந்திருக்கும். புரூப் பார்ப்பவரும் தூங்கினால் செல்வன் செலவன் ஆகிவிடுவான்.

பொன்னியின் செலவனுக்கு இடம் தேடி நீங்கள் அலையவே வேண்டாம். கல்கி அதைத் தயாராக வைத்திருக்கிறார். பெரிய பழுவேட்டரையர் யார்? சோழ நாட்டுத் தனாதிகாரி. இளவரசர் அருள்மொழிவர்மர் எங்கே? ஈழத்துப் போர்க்களத்தில். படைக்கு உணவை இங்கிருந்து அனுப்புவதா, வென்ற நாட்டிலேயே எடுத்துக்கொள்வதா என்று மூலத்திலேயே தகராறு உண்டு. ஆக, மொத்தக் கதையும் செலவுக் கணக்கும் தணிக்கைக் குறிப்புமாகவே போகட்டும். கடிதம் ஈழத்திலிருந்து வருகிறது, பதில் தஞ்சையிலிருந்து போகிறது. ஒருவர் இளவரசர், ஒருவர் தனாதிகாரி. மேடையில் இரண்டு நாற்காலி போதும்.

இளவரசர்: 'யானைக்கு வாழைத்தார், நாற்பது.'

தனாதிகாரி: 'யானைக்கு மதம் பிடித்து ஓடிவிட்டதாக முந்தைய ஓலையில் கண்டிருக்கிறது. ஓடிய யானை தார் தின்றது எங்ஙனம்?'

இளவரசர்: 'யானைப்பாகனுக்குக் கூலி.'

தனாதிகாரி: 'அன்று யானைப்பாகன் வேடத்தில் இருந்தது தாங்களே என்று ஒற்றர்கள் தெரிவிக்கிறார்கள். இளவரசருக்கு அரண்மனைப்படி தனியாக வழங்கப்பட்டு வருவதால் இந்த இனம் மறுக்கப்படுகிறது.'

இளவரசர்: 'படகோட்டிப் பெண்ணுக்குக் கொடுத்தது.'

தனாதிகாரி: 'அவள் எதையும் வாங்க மறுத்துவிட்டதாகவும், பாட்டுப் பாடியதாகவும் தெரிகிறது. பாட்டுக்குத் தலைப்பு ஒதுக்கீடு இல்லை.'

முடிவை வரலாறே எழுதிவைத்திருக்கிறது. இந்தச் செலவன்தான் பிற்காலத்தில் ராஜராஜன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி 1010இல் முடித்தவன், 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று கணக்கு முழுவதையும் கல்லிலேயே வெட்டச் சொன்னான். ஏன் கல்லில்? இனி எந்தத் தனாதிகாரியும் ரசீது எங்கே என்று கேட்கக் கூடாது. அந்த வரியோடு விளக்கை அணைத்துவிடலாம்.

காட்டுமன்னார்கோவிலான் எழுதுகிறார்:

முதல் பாகம் தொடங்குகிற வீரநாராயண ஏரி எங்கள் ஊர் ஏரி, இப்போது வீராணம். ஆகவே 'புது வெல்லம்' எனக்கு. ஆனால் உங்கள் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள் என்றீர்களே, நான் இப்போதே எழுந்து நிற்கிறேன். கதை தொடங்கும் நாள் ஆடிப் பதினெட்டு. ஆடியில் புது வெல்லம் ஏது? கரும்பு வெட்டி, ஆலை ஆடி, புது வெல்லம் சந்தைக்கு வருவது மார்கழி, தையில். ஆடியில் கிடைப்பது போன வருடத்துச் சரக்கு. கையில் எடுத்தாலே பிசுபிசுக்கும்.

இந்தக் குறையையே கதை ஆக்கிவிட்டேன். ஏரிக்கரையில் காப்பரிசிக்கு வெல்லம் விற்கும் கிழவி, 'புது வெல்லம் தம்பி' என்று சத்தியம் செய்து வந்தியத்தேவன் தலையில் கட்டுகிறாள். அவனோ பசிக்காரன். ஓர் உருண்டை தின்கிறான். இன்னோர் உருண்டையை அரைச்சுற்றுச் சுருளில் செருகிக்கொள்கிறான். அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது? ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலைகள்.

வழியில் ஆழ்வார்க்கடியான் மோப்பம் பிடித்து வருகிறான். அவனுக்கும் ஒரு சைவருக்கும் வாய்ச்சண்டை மூலத்தில் இருக்கிறது; இங்கே சண்டை வெல்லத்துக்காக. அக்காரவடிசிலுக்கா, சிவன் கோயில் பொங்கலுக்கா? ஆண்டாள் நூறு தடா, அதாவது நூறு பானை, அக்காரவடிசில் நேர்ந்ததைப் பாடிக் காட்டுகிறான் ஆழ்வார்க்கடியான் நம்பி. அதற்குள் குதிரை நகர்ந்துவிடுகிறது. குடந்தை சோதிடர் வீட்டு வாசலில் வந்தியத்தேவன் இறங்குகிறான். சோதிடர் சோழி எதையும் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்துவிட்டு, 'அப்பனே, உன்னைப் பின்தொடர்ந்து ஒரு பெரும்படை வருகிறது' என்கிறார். எறும்பு.

தஞ்சையில் சுந்தர சோழர் கையில் ஓலை கிடைக்கும்போது அது ஓலையாக இல்லை, பாகு. எழுத்தெல்லாம் மூடிவிட்டது. சக்கரவர்த்தி படிக்கப் பார்க்கிறார். சின்னப் பழுவேட்டரையர் பிடுங்கிப் பார்க்கிறார், விரலைச் சப்பிக்கொள்கிறார். கோட்டைத் தளபதி அரச ரகசியத்தை நக்கித் தீர்த்தார் என்று முடித்துக்கொள்ளலாம்.

'கொலை வால்' வேண்டாம் டீச்சர். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஆயிரம் வருடமாக ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கள் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரே இருக்கிறது, அப்படியும் தீரவில்லை. இதில் வாலையும் நுழைத்தால் அதற்கொரு கோஷ்டி கிளம்பும்.

ஷிப்ட் விசை எழுதுகிறார்:

பட்டியல் போட்ட அந்தத் தம்பிக்காக வாதாடுகிறேன். வெள்ளம் வெல்லமாவதும் வாள் வாலாவதும் வந்தாள் வந்தால் ஆவதும் ஒரே காரணத்தால்தான். ஆங்கில விசைப்பலகையில் ஒலிபெயர்ப்பாகத் தட்டச்சு செய்கிறோம். சின்ன எல் அடித்தால் ல, ஷிப்ட்டோடு பெரிய எல் அடித்தால் ள. சுண்டுவிரல் சோம்பினால் முடிந்தது. அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

'அம்மா வந்தால்' எனக்குக் கொடுங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருந்தபோது இந்த வாக்கியத்தை நாங்கள் முடித்ததே இல்லை. ஒருவனின் அம்மா ஊரிலிருந்து வரக்கூடும் என்று தெரிந்தால் போதும். கயிற்றில் தொங்கும் துணி மறையும். சாம்பல் கிண்ணமாக இருந்த டம்ளர் திரும்பக் காபி டம்ளர் ஆகும். சுவரில் இருக்கும் நடிகை படத்தின் மேல் முருகன் காலண்டர் ஏறும். யாரோ ஒருவன் எங்கிருந்தோ திருநீறு கொண்டுவருவான்.

ஆனால் டீச்சரின் நிபந்தனை இடிக்கிறது. ஜானகிராமனின் நாவலில் அப்பு காவிரிக்கரையில் வேதபாடசாலையில் இருக்கிறான். அம்மா கடைசியில் அங்கே வருகிறாள். அந்த எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு மேன்ஷனில் எப்படிச் சிரிக்கவைப்பது? பாடசாலைப் பையன்களே அறையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று வைத்தால் எடுபடுமா? இன்னொன்று: தேவனின் துப்பறியும் சாம்புவை 'துப்பறியும் சோம்பு' ஆக்கினால் ஒரே ஒரு கொம்புதான் கூடுதல். அஞ்சறைப்பெட்டிக்குள் நடக்கும் திருட்டு. கடுகைக் காணவில்லை. எப்படி?

மாயவரம் டீச்சர் எழுதுகிறார்:

சோம்பு வேண்டாம் தம்பி. சாம்பு ஏற்கெனவே சிரிப்புக் கதை. அசட்டு அதிர்ஷ்டத்தில் துப்பு துலக்கும் ஆளை இன்னும் என்ன கவிழ்ப்பது? கம்பீரமாக நிற்கிற தலைப்பின் காலை வாரினால்தான் சபை சிரிக்கும். சபதம் சப்தமாகலாம், சாம்பு சோம்பானால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. 'கடன் புறா'வையும் இதே கணக்கில் கழித்துவிட்டேன். வட்டி வசூலுக்குப் பறக்கும் புறா என்று ஒரு வரி சொல்லலாம். சாண்டில்யனின் 'கடல் புறா' மூன்று பாகத்திலும் அது உட்கார ஒரு கிளை கிடைக்கவில்லை.

சபதம் பற்றி ஒரு தயக்கம் இருக்கிறது. 'சிவகாமியின் சப்தம்' என்றதும் எல்லோருக்கும் ஒரே கதைதான் தோன்றுகிறது. வாதாபியில் சிவகாமி சலங்கையோடு ஆடிக்கொண்டே இருக்கிறாள். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டு, 'தயவுசெய்து வந்து அழைத்துப் போங்கள்' என்று காஞ்சிக்கு ஓலை அனுப்புகிறார்கள். முற்றுகை இல்லாமலே கோட்டைக் கதவு திறக்கிறது. கச்சிதமாகத்தான் இருக்கிறது, எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மூலத்தில் அவள் வாதாபித் தெருவில் ஆடுவது சிறைப்பட்டவர்களைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்ற. அந்த அத்தியாயத்தை வகுப்பில் படித்துக் காட்டியபோது பெண்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் சிரிப்புக் கடை போட எனக்கு மனமில்லை. வேறு யாராவது காஞ்சியிலேயே, ஆயனச் சிற்பியின் உளிச் சத்தத்துக்கும் மகளின் சலங்கைக்கும் போட்டி என்று எழுதினால் மேடை தரத் தயார்.

'அம்மா வந்தால்' இருக்கட்டும். பாடசாலையே நல்லது, மேன்ஷன் வேண்டாம். ஒரே ஒரு மாற்றம்: கடைசி வரை அம்மா வரக் கூடாது. 'வந்தால்' என்று போட்டுவிட்டு வரவைத்தால் தலைப்பு மறுபடியும் சரியாகிவிடுமே!

வெல்லக்காரருக்கு ஒரு கூடுதல் சரக்கு. வந்தியத்தேவன் சுந்தர சோழரிடம் 'அபாயம்' என்று சொல்லிவிட்டு, சின்னப் பழுவேட்டரையர் மடக்கியதும் 'அபயம்' என்றுதான் சொன்னேன் என்று சமாளிக்கிறானே, நினைவிருக்கிறதா? ஒரு கால் குறைந்ததில் ஒரு தலை தப்பியது. நாம் செய்யும் வேலையைக் கல்கி அப்போதே செய்துவிட்டார். பாகு படிந்த ஓலையில் அந்தக் கால் ஒன்று மட்டும் மறைந்துபோனால் உங்கள் முடிவு இன்னும் இறுகும்.

புலியமரத்துக்கு ஆள் இல்லையா?

வடசேரியான் எழுதுகிறார்:

நாகர்கோவிலில் இருந்துகொண்டு அதை வேறு யாருக்கும் விட முடியாது. 1966இல் வந்த சுந்தர ராமசாமியின் நாவலில், முச்சந்தியில் நிற்கும் மரத்தைச் சுற்றி ஊர் மாறுகிறது. கடைக்காரர்களின் போட்டி, நகராட்சித் தேர்தல், பத்திரிகை எல்லாம் சேர்ந்து மரத்துக்கு எமனாகின்றன. நடுவில் நகராட்சி அந்த மரத்துப் புளியை ஏலம் விடுகிறது. உங்கள் செருப்புக்கடைக்குச் சமமான இடம் இதுதான். எழுத்தர் ஒருவர் ஏல அறிவிப்பில் 'புளி'யைப் 'புலி' என்று எழுதிவிடுகிறார். கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, பலகையில் ஏறிவிட்டது. அரசாங்கத் தாளில் ஏறியதை இறக்க முடியாது என்பதால் ஊரே மரத்தில் புலி இருப்பதாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கதையை நான் சொல்லப் போவதில்லை. அறிவிப்பை மட்டும் அலுவலகக் குரலில் வாசிக்கப் போகிறேன்.

'நகராட்சி எல்லைக்குட்பட்ட சந்திப்பில் உள்ள புலியமரத்தின் நடப்பாண்டு மகசூலை அனுபவிக்கும் உரிமைக்கு முத்திரையிட்ட ஒப்பந்தப்புலிகள் வரவேற்கப்படுகின்றன. புலிகள் உள்ளது உள்ளபடி ஏலம் விடப்படும். பழம் புலி, புதுப் புலி என்று தரம் பிரித்துத் தரப்பட மாட்டாது. புலிகளை உலுக்கி இறக்கும் கூலி ஏலதாரரையே சாரும். தாமாகக் கீழே விழுந்த புலிகளைப் பொதுமக்கள் பொறுக்கிச் செல்வது தண்டனைக்குரியது. பள்ளிச் சிறுவர்கள் கல் எறிந்து புலி அடிப்பதைப் பெற்றோர் கண்டித்து வைக்கவும்.'

இன்னும் இரண்டு மூன்று விதிகள் இருந்தால் ஐந்து நிமிடம் நிறையும். கை கொடுங்கள்.

காட்டுமன்னார்கோவிலான் எழுதுகிறார்:

'எடுத்த புலியை ஏலதாரர் நகராட்சிச் சாலையில் உலர்த்தக் கூடாது. ஓடு நீக்காத புலிக்கு எடைத் தள்ளுபடி கோர இயலாது.'

ஷிப்ட் விசை எழுதுகிறார்:

'சத்துணவு மையங்களின் சாம்பாருக்கு ஆண்டுதோறும் இரண்டு புலிகள் இலவசமாக வழங்கப்பட வேண்டும்.'

ஈய எழுத்து எழுதுகிறார்:

கடைசி விதியைச் சின்ன எழுத்தில் அடுக்கிவிடுங்கள்: 'மகசூல் எடுக்க மரத்தில் ஏறிய ஏலதாரர் திரும்பி வராவிடில், முன்வைப்புத் தொகை அவருடைய வாரிசுகளிடம் வட்டியின்றித் திருப்பித் தரப்படும்.'